பெல்ட்டில் வந்த முயல்

அரைத்த பழைய கார்களின் கழிவிலிருந்து செம்புக் கம்பி பொறுக்குவதில் கெட்டிக்காரன் என்பதால் அவனுக்குக் காந்தம் என்று பெயர். செம்பைக் காந்தம் இழுக்காது என்று சொல்லி யாரும் அவன் மனசைப் புண்படுத்தவில்லை.

இன்று அரவை இயந்திரத்திலிருந்து கழிவைக் கொண்டுவரும் பெல்ட்டில் வந்த பிளாஸ்டிக் துண்டில், வீட்டுக் காரில் அவன் மகள் ஒட்டியிருந்த ஒற்றைக்காது முயல் ஸ்டிக்கர் இருந்தது. மனைவிக்குப் போன் போட்டான்.

"நம்ம கார் எங்க?"

"வாசல்லதான். கால் முளைச்சு ஓடிடுமா? பாப்பா உள்ள உக்காந்து ஹாரன் அடிக்கிறா."

"முதல்ல அவளை இறக்கு."

ஹாரன் போனிலும் கேட்டது, அரவை இயந்திரத்துக்குள்ளும் கேட்டது. அவன் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். இரண்டு ஹாரன் சத்தமும் நின்றன.

"இறக்கிட்டேங்க," என்றாள் மனைவி.

பெல்ட் மட்டும் இன்னும் ஒரு முழம் நகர்ந்து, குட்டிச் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்தது.

"பாப்பா கால்ல செருப்பு இருக்கா?"

"ஒண்ணுதான் இருக்கு."