டேப்பின் மறுமுனை

நாற்காலியிலிருந்து இரண்டு ஸ்பீக்கரும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். கால் அங்குலம் பிசகினாலும் பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

"கால் இன்ச்சுல என்ன குடியா முழுகிடப் போகுது?" என்று அலுத்துக்கொண்டே என் மனைவி நாற்காலி அருகில் அளவு டேப்பின் நுனியைப் பிடித்தாள். இடது ஸ்பீக்கர் சரியாக எட்டடி.

"அப்படியே பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வலது ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். அது நெஞ்சுயரம். அங்கிருந்து நாற்காலி தெரியாது. டேப் விறைப்பாகத்தான் இருந்தது. ஒன்பதடி காட்டியது. பிறகு பத்தடி.

"எங்க போற? நாற்காலிகிட்டயே நில்லு!" என்று எரிந்து விழுந்தேன்.

டேப் நிதானமாக நீண்டுகொண்டே போனது. அந்த அறையை மூலைக்கு மூலை அளந்தாலே பதினாறடிதான். டேப் பத்தொன்பது காட்டியது.

"ஏன் கத்துறீங்க? பால் பொங்குதுன்னு சொல்லி, டேப்பை நாற்காலி மேலயே வச்சுட்டுத்தானே வந்தேன், காதுல விழலையா?" சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

எழுந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

டேப் என் கைக்குள் மெல்லச் சுருளத் தொடங்கியது. பதினேழு. பதிமூன்று. ஒன்பது. நாற்காலி, ஆள் உட்காரும்போது மட்டும் போடும் அந்தச் சத்தத்தைப் போட்டது.

டேப் நின்றது. சரியாக எட்டடி.