அரைக் காற்சட்டை

"அரைக் காற்சட்டையோட அத்தனை சனத்துக்கு முன்னால ஓடுறதோ? ஏலாது," என்றார் இராஜேந்திரன்.

இந்த மனிசனோடு வாதாடிக் கலாவதிக்கு அலுத்துவிட்டது. "பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிதானே, இஞ்சேருங்கோ. லண்டனில இதையெல்லாம் ஆர் பாக்கினம்?"

"பிளேஸ்டோவில இருக்கிற எங்கட ஆக்கள் முழுப்பேரும் வருவினம். பிறகு கோயிலில நான் எப்பிடி முகம் காட்டுறது?"

மகள் ஜதுர்ஷிகாவுக்குக் கண் கலங்கியது. "டீச்சரிட்டப் பேர் குடுத்திட்டன், அப்பா."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீ?"

"தகப்பன்மாருக்கான ஓட்டத்தில மற்றப் பிள்ளையளின்ர அப்பாமார் எல்லாரும் ஓடுகினம். நீங்கள் மட்டும் மாட்டன் எண்டால் எப்பிடி?"

இராஜேந்திரன் தன் தொந்தியைத் தடவிக்கொண்டார்.

"அப்ப, வேட்டியை முழங்காலுக்கு மேல மடிச்சுச் சண்டிக்கட்டாக் கட்டிக்கொண்டு ஓட விடுவினமோ எண்டு டீச்சரைக் கேள்."