சட்டைக்கு உத்தரவு

"ஏலே, அதான் அறுத்துட்டு வந்துட்டயில்ல. இனி எதுக்குச் சட்டை? கழட்டுடா."

வரப்பில் குடையோடு நின்ற பண்ணைக்காரர் சிரித்தபடிதான் சொன்னார்.

நடவு நின்றது. பெண்கள் நாற்றும் கையுமாக நிமிர்ந்தார்கள்.

நாற்றுக்கட்டு சுமந்து வந்த பேச்சிமுத்து முழங்கால் சேற்றில் அப்படியே நின்றான்.

ஜெயமங்கலத்தை ஒட்டிய அந்தப் பண்ணையில் கூலிக்கார ஆண்கள் எவரும் பண்ணைக்காரர் முன்னால் மேலுக்குத் துணி போடக்கூடாது. துண்டுகூட இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும். போன தையில், கல்யாணமான மறுநாள் சட்டையோடு வந்த அவன் தம்பி அம்மாவாசியைப் புளிய விளாரால் அடித்தார்கள்.

பேச்சிமுத்துவுக்கு மட்டும் ஏழு வருடமாக உத்தரவு இருந்தது.

பதினாறு வயதில் அவனுக்கு மார்பு பெண்களைப் போலத் திரண்டது. பிறகு வற்றவே இல்லை.

"இவன் மட்டும் போட்டுக்கிடட்டும்ப்பா. பொம்பளைக்கு மாராப்பு வேணும்ல" என்று களத்தில் வைத்துச் சொன்னார் பண்ணைக்காரர். களமே சிரித்தது. அவனுடைய ஆட்களும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து சட்டை போட்ட ஒரே கூலிக்காரன் அவன்தான்.

முப்பத்தேழாம் வருடம் ஆவணியில், இதை அறுத்து எடுக்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, மதுரைக்கு பஸ் ஏறினான். மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் தொட்டுப் பார்த்தார். எத்தனையோ ஆண்களுக்கு வருவதுதான், வலி இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றார்.

"வலிக்குது சாமி" என்றான் பேச்சிமுத்து.

மயக்கம் கொடுத்து இரண்டு பக்கமும் அறுத்தார்கள். ஒரு பக்கம் சீழ் வைத்தது. ஒரு மாதம் படுக்கையில் கிடந்தான். எனக்கென்ன குறை வைத்தாய் என்று இப்படிச் செய்தாய் என்று பெண்டாட்டி மூக்கம்மாள் அழுதாள்.

"காது கேக்கலையாடா?" பண்ணைக்காரர் குடையை மடக்கினார்.

பேச்சிமுத்து நாற்றுக்கட்டை இறக்கி வைத்தான். பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை விரித்துப் பிடித்தான்.

தட்டையான மார்பு. இரண்டு பக்கமும் கோணலாக, இன்னும் சிவப்பு மாறாத தழும்புகள்.

யாரும் சிரிக்கவில்லை.

"நல்லாப் பாத்துக்கங்க. ஆம்பளை மாருதான்."

பண்ணைக்காரர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

பேச்சிமுத்து சட்டையை இழுத்துச் சேர்த்தான். சேற்று விரல்களால் பொத்தான்களைத் திரும்பப் பூட்டினான். அவசரப்படவில்லை. கழுத்துப் பொத்தானைக்கூட விடவில்லை.

"இம்புட்டு நாளும் நீங்க சொல்லிப் போட்டேன். இது நானாப் போடுறது."

மடக்கிய குடை அவன் தோளில் விழுந்தது. இன்னொரு தரமும் விழுந்தது. தோள் தையல் விட்டு, சட்டைக்கை தனியாகத் தொங்கியது.

அவன் நாற்றுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கிழிந்த சட்டையோடு அடுத்த வயலில் இறங்கினான்.