லென்ஸ் இல்லை

பழைய கேமராக் கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு ஜூம் லென்ஸ் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தது. கையால் திருப்பினால்தான் வேலை செய்யும், கேமராவோடு பேச மின்முனைகளும் கிடையாது என்பதால் அதை யாரும் கேட்டு வரவில்லை. ஒருநாள் அமலி என்ற பெண் வந்தாள். நாலைந்து லென்ஸ்களைத் தள்ளிவைத்துவிட்டு, இதை எடுத்துத் தன் புதுக் கேமராவில் மாட்டிப் பார்த்தாள்.

"சௌக்கியமா தம்பி?" என்று ஆசையாகக் கேட்டது லென்ஸ்.

அதன் குரல் கேமராவுக்கு எட்டவே இல்லை. "லென்ஸ் இல்லை" என்று கேமரா தன் திரையில் எழுதிக் காட்டியது.

"பரவாயில்லை, எடு," என்று பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டு, அமலி ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் விரல்கள் வளையத்தைத் திருப்பத் திருப்ப, மின்கம்பியில் இருந்த மீன்கொத்தியின் நனைந்த கழுத்து தெளிந்து வந்தது. லென்ஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இதையே எடுத்துக்கறேன்," என்றாள் கடைக்காரரிடம்.

அன்று முழுக்க ஏரிக்கரையில் சுற்றினார்கள். சாயங்காலம் கேமரா பெருமூச்சு விட்டது.

"இத்தனை அழகையும் நான் ஒண்டியாகவே பார்க்கிறேன். சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லையே."

அதன் முகத்தோடு முகம் ஒட்டியிருந்த லென்ஸ், ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.