தலைவரின் மத்தளங்கள்

திருகோணமலையில் கலையை வளர்ப்பதற்கென்றே பிறந்தவர் பாக்கியரத்தினம். அவரே அச்சடித்து வைத்திருந்த விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. ‘துறைமுகக் கலை மேம்பாட்டு மன்ற’த்துக்கு அவர் தலைவர், மனைவி பொருளாளர், கனடாவிலிருக்கும் மருமகன் செயலாளர். உறுப்பினர்கள் என்று வேறு யாரையும் சேர்த்து மன்றத்தின் ஒற்றுமையைக் குலைக்க அவர் விரும்பவில்லை.

முந்நூறு வருடங்களாகத் துறைமுகத் தொழிலாளர்கள் மத்தளம் அடித்துத்தான் கப்பலில் மூட்டை ஏற்றினார்கள், அந்த அபூர்வத் தாளம் இப்போது அழியும் தறுவாயில் இருக்கிறது என்பதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் இடையில் அவர் கண்டுபிடித்து, திட்டமாக எழுதி அனுப்பினார். ஆறு மாதம் வெயிலையே காணாத ஒரு நாட்டின் கலாசார நிதியம் அதை வாசித்துக் கண்கலங்கியது. மத்தளங்கள் வாங்கவும் இளைஞர்களைப் பழக்கவும் முதல் தவணைப் பணம் வந்து சேர்ந்தது.

வந்த பணம் உட்துறைமுக வீதியில் அவருடைய வீட்டுக்கு மேல்மாடியாக எழும்பி நின்றது. கலையை அவர் அடியோடு மறந்துவிட்டார் என்று சொல்லவும் முடியாது. குளியலறை டைல்ஸ் ஒன்றில் மத்தளப் படம் பதித்திருந்தார்.

இரண்டாம் தவணை மிச்சமிருந்தது. அதைத் தருவதா, தந்ததையும் திருப்பிக் கேட்பதா என்று முடிவுசெய்ய நிதியத்தின் மதிப்பீட்டாளர் கீர்த்தனி கொழும்பிலிருந்து வரப்போவதாக அறிவித்தார்கள். மத்தளங்களை நேரில் பார்க்க வேண்டுமாம்.

பாக்கியரத்தினம் பதறவில்லை. கடற்கரைப் பக்கம் மன்றத்தின் பெயர்ப்பலகை தொங்கிய வெறும் கொட்டிலுக்குப் போய், அதன் பூட்டைத் தானே கல்லால் உடைத்தார். பிறகு கையைக் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்தார்.

“பத்து மத்தளம், தம்பி. பத்தும் எனக்குப் பிள்ளையள் மாதிரி,” என்றார் சார்ஜன்ட் றுமைஸிடம். “எப்ப களவு போனதெண்டும் தெரியேல்ல. கொட்டிலைப் பூட்டிக் கொஞ்ச நாள்.”

கிண்ணியாக்காரரான றுமைஸ் எதற்கும் அவசரப்படாத மனிதர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, “பார்ப்பம் ஐயா,” என்றார்.

களவு போன பொருளுக்கு எந்த வெள்ளைக்காரனும் காசைத் திருப்பிக் கேட்க மாட்டான். இல்லாத மத்தளத்தை எந்தப் பொலிசும் கண்டுபிடிக்கவும் மாட்டாது. தன் மூளையை நினைக்க நினைக்கப் பாக்கியரத்தினத்துக்குப் புல்லரித்தது. கீர்த்தனி வந்து இறங்கிய நேரம், அவர் சவரம் செய்யாத முகத்தோடு, சாவீட்டுக்காரர் போல வாசலில் நின்றார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பொலிஸ் நிலையம். கையை விரிக்கப் போகிறார்கள், அதைக் கீர்த்தனியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

“ஐயா, றுமைஸ் கதைக்கிறன். மத்தளம் கிடைச்சிருக்கு. ஆள்தான் இன்னும் ஆம்பிடல்ல. ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லுங்க.”

பாக்கியரத்தினத்தின் முகத்திலிருந்த சோகம் அப்போதுதான் உண்மையானது.

“நல்ல செய்திதானே, ஐயா. வாங்கோ போவம்,” என்று கீர்த்தனி வாகனக் கதவைத் திறந்தார்.

பொலிஸ் நிலைய விறாந்தையில் எட்டு மத்தளங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“பத்தெண்டு சொன்னீங்க, எட்டுத்தான் இருக்கு,” என்றார் றுமைஸ். “உங்கடதானா எண்டு நல்லாப் பாருங்க. பிறத்தியார்ர சாமானத் தர ஏலா.”

பாக்கியரத்தினம் மத்தளங்களைப் பார்த்தார். கீர்த்தனியைப் பார்த்தார். யார் பெற்ற பிள்ளைகளோ, கோணேசரே பார்த்து அனுப்பி வைத்திருக்கிறார். இல்லை என்றால் மேல்மாடிக்கு ஆபத்து. ஓம் என்றால் இரண்டாம் தவணை.

முதல் மத்தளத்தைப் பாய்ந்து கட்டிப்பிடித்தார். “என்ர மூத்தவன்,” என்று விம்மினார். “கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்துச் சொல்லுவன்.” எட்டையும் தடவினார். எட்டுக்கும் பெயர் சொன்னார். ஏழாவதுக்கு மழை வந்தால் சளி, தடிமன் பிடிக்கும் என்றார்.

கீர்த்தனி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் படமெடுத்தார்.

“தோலெல்லாம் புதுசா இருக்கே,” என்றார் றுமைஸ். “ஆரு மாத்தினது?”

நிதியத்துக்கு எழுதிய திட்டத்தில் தோல் மாற்றும் பயிற்சியும் இருந்தது பாக்கியரத்தினத்துக்கு நல்ல வேளையாக நினைவு வந்தது. “நான்தான். எட்டுக்கும் என்ர கையால மாத்தி, வார் இழுத்துக் கட்டினனான். பொடியளுக்குக் காட்டிக் குடுக்க வேணுமே.”

“வேற ஆரும் கை வைக்கல்ல?”

“நல்ல கதை. வேற ஆரையும் தொட விடுவனோ?”

றுமைஸ் அதையும் எழுதினார். பாக்கியரத்தினம் கையெழுத்து வைத்தார். சாட்சிக்குக் கீர்த்தனியும் வைத்தார். “இப்பிடி ஒரு உண்மையான கலைஞரை நான் இதுவரைக்கும் சந்திக்கேல்ல,” என்றும் சொன்னார்.

“எனக்கும் அப்பிடித்தான், மிஸ்,” என்று றுமைஸ் பேனையை மூடினார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு ஐயாவுக்கு ஒரு கதிரை போடச் சொன்னார். பிறகு, வாசல் கதவைச் சாத்தச் சொன்னார்.

“போன கிழமை வெருகல் கடல்ல, ஆளில்லாம நிண்ட படகுல பிடிச்சது ஐயா இதெல்லாம். அந்தப் புதுத் தோலுக்குள்ள முழுக்கக் கேரளக் கஞ்சா. சொந்தக்காரன் ஆரெண்டு தெரியாமத்தான் இவ்வளவு நாளும் மண்டையப் போட்டு உடைச்சம்.”

பாக்கியரத்தினம் கதிரையிலிருந்து மெல்ல எழுந்து, கீர்த்தனியின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “தம்பி, நான் என்ர சீவியத்தில ஒரு மத்தளமும் வாங்கினதில்லை. நம்பாட்டில் வாங்கோ, என்ர மேல்மாடியைக் காட்டுறன்.”