இலை மேல் வெள்ளை

"கதவைச் சாத்திக்கிட்டு மாடியில படுத்திருந்தா தப்பிச்சுக்கலாமா?"

மருந்துக்காரர் ஸ்பிரேயரில் காற்றடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "யாரும்மா தப்பிக்கிறது?"

"எங்க வீட்டுக்காரர்தான். நீங்க இங்க மருந்து அடிக்கும்போது மாடியில இருந்துக்கிறேங்கிறார். வாடை அங்க வரைக்கும் போகுமா?" அந்தப் பெண் நிமிராமலே கேட்டாள். குனிந்தபடி, கண்ணாடி அறையிலிருந்த குரோட்டன்ஸ் செடியின் காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"சாதா மருந்துன்னா ஒண்ணும் ஆகாது. கடுமையானதுன்னா மூணு மணி நேரம் இந்த வீட்டுல ஒரு உயிரும் இருக்கக் கூடாது."

"அப்ப கடுமையானதே அடிங்கண்ணா. மாடி வரைக்கும் போகணும்."

மருந்துக்காரருக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக வீட்டுச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர். மீன் தொட்டி இருக்கிறது, கிளி இருக்கிறது, மாமனாருக்கு இழுப்பு இருக்கிறது, கொஞ்சம் மட்டாக அடியுங்கள் என்று கெஞ்சுகிற பெண்களைத்தான் பார்த்திருக்கிறார். புருஷன் இருக்கிற இடம் வரைக்கும் போகணும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"பூச்சிக்கு மட்டும்தானேம்மா மருந்து?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஹால் சோபாவில் புருஷன் உட்கார்ந்திருந்தார். கையில் போன் இருந்தாலும் கண் என்னவோ மனைவி மேலேயேதான். மணியடித்ததும் தானே எழுந்து வந்து கதவைத் திறந்து, "காத்துக்கு அடிச்சுக்கும் தம்பி" என்று திரும்பவும் சாவி போட்டுப் பூட்டியவர். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. ஜாக்கிரதைக்காரர் போலிருக்கிறது என்று மருந்துக்காரர் நினைத்துக்கொண்டார். குடிக்கத் தண்ணீரும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

சரி, முதலில் பூச்சியைப் பார்ப்போம் என்று இலையைத் திருப்பினார். மாவுப்பூச்சி என்று போனில் சொல்லியிருந்தார்கள். அது திருட்டுப் பயல், இலைக்காம்பு இடுக்கில்தான் போய் ஒளிந்துகொள்ளும். இங்கேயோ ஹாலிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி, இலையின் மேல்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. பிசுபிசுப்பு இல்லை. தித்திப்புக்கு வருகிற எறும்பு ஒன்றுகூட இல்லை.

குச்சி நுனியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டார். மாவுப்பூச்சியாக இருந்தால் மேல்மாவு கரைந்து உள்ளிருக்கும் உடம்பு தெரியும். இது வெறுமனே நனைந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நூல் நூலாக இருந்தது, அடியில் பசை.

"இது பூச்சியே இல்லையேம்மா. பஞ்சு."

அவள் ஹால் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி செடிக்குள் குனிந்துகொண்டாள்.

"தெரியும்ணா. நான்தான் ஒட்டினேன். நீங்க மருந்து அடிங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மருந்துக்காரர் பூதக்கண்ணாடியைத் தோளில் தொங்கிய பைக்குள் போட்டார். இல்லாத பூச்சிக்கு எதற்கு இத்தனை கடுமையான மருந்து? நாளைக்கு அந்த மனுஷன் மாடியில் விறைத்துக் கிடந்தால், மருந்து அடித்தவன் கையில்தான் விலங்கு விழும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். தன் கதை கிடக்கட்டும், ஒரு பாவமும் அறியாத ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு போனால் தான் பெற்ற இரண்டு பெண்களின் முகத்தில் எப்படி முழிப்பது?

ஸ்பிரேயரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அண்ணா, வேணாம்ணா," என்றாள் அவள். பை வாரைப் பிடித்துக்கொண்ட அவள் கையை விலக்கிவிட்டு ஹாலுக்கு வந்தார்.

"சார், தனியா ஒரு விஷயம் பேசணும்."

"இங்கயே சொல்லுங்க தம்பி. எங்களுக்குள்ள ஒளிவுமறைவு கிடையாது."

மருந்துக்காரர் குரலைத் தணித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பூச்சியே இல்லை, ஒட்டினது பஞ்சு. இருப்பதிலேயே கடுமையான மருந்தைக் கேட்டது. மாடி வரைக்கும் போகணும் என்றது. சொல்லச் சொல்ல நெஞ்சுப் பாரம் இறங்கியது.

"குடும்ப விஷயத்துல மூக்கை நுழைக்கிறேன்னு நினைக்காதீங்க சார். எதுக்கும் நீங்க ஜாக்கிரதையா இருங்க."

புருஷன் பதறவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனை மேஜை மேல் வைத்தார்.

"கடுமையான மருந்துன்னா எல்லாரும் தெருவுல போய் நிக்கணும், இல்லையா?"

"ஆமா சார், மூணு மணி நேரம். மருந்து டப்பாவுலயே போட்டிருக்கு."

"நல்லவேளை, சொன்னீங்க தம்பி," என்று அவர் மருந்துக்காரரின் தோளைத் தட்டினார். கண்ணாடிக் கதவருகே வந்து நின்ற மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. அவளைப் பார்த்து, குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டார்:

"குழாய்க்காரர் கால்ல விழுந்து பார்த்த, இப்ப பஞ்சு ஒட்டிப் பார்த்த. மூணு வருஷமாச்சு, இன்னுமா உனக்கு வெளிய போற ஆசை விடல?"