சத்தம் போடாத கப்பல்

எதிரி நாட்டுத் துறைமுகத்தை வானத்திலிருந்து எடுத்த படங்களில் அந்த நீர்மூழ்கி வருடக்கணக்காக நின்ற இடத்திலேயே நின்றது. கரையோரக் கம்பங்களில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். கொஞ்ச நாளாகக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருந்தது.

"புதுசா பெயின்ட் அடிச்சிருக்கான், அவ்வளவுதான் சார்," என்று சொல்லிச் சொல்லி ஆய்வாளர் கோமளவல்லிக்கு வாய் வலித்தது. மேலதிகாரி கேட்டால்தானே!

"நம்ம கருவியில ஒரு சத்தமும் கேக்கலையேம்மா. அவ்வளவு நவீனமான கப்பல். அறிக்கையில அப்படியே எழுதுங்க."

"நிக்கிற கப்பல் எப்படி சார் சத்தம் போடும்?"

தலையெழுத்தே என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் படத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கப்பலைக் காணோம்; அது நின்ற இடத்தில் எண்ணெய்ப் படலம் மட்டும் மிதந்தது. கடலொலி கேட்கும் நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"ஒரு சத்தமும் இல்லை மேடம்."

தோளுக்குப் பின்னால் மேலதிகாரி பூரித்துப்போனார்.

"நான் அப்பவே சொல்லலை?"